பலாமரத்தடி மண்

செங்கோடன் ஏமாற்றுக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருசம் ஒரே எஸ்டேட்டில் அவனும் நானும் காப்பிச் செடிக்குக் குழி வெட்டினோம். ஒன்றரை அடி ஆழம் என்றால் அவன் குழி ஒன்றரை அடி இருக்கும். என்னுடையது ஒன்றேகால்தான் இருக்கும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வரும்போது நான் மண்ணைத் தளர்த்திக் கோலை அழுத்தி அளந்து காட்டுவேன். அவனுக்கு அதெல்லாம் வராது.

வாழவந்திக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து அரை மைல் ஏறினால் அவன் வீடு. வீட்டில் நாலு பேர். அவன், அவன் பொண்டாட்டி சாந்தி, மகன் நவீன், மருமகள் தீபிகா. நவீனுக்கு ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டும் வேலை. வாரத்தில் ஒருநாள் வருவான், பாதிநாள் தூங்குவான். தீபிகா கீழே குப்பனூர்க்காரி. கல்யாணமாகி வரும்போது ஒரு செவலைக் கிடாரியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்தாள். அது வளர்ந்து மாடாகி, இந்தக் கதை நடக்கும்போது இரண்டாவது சினை. வீட்டுக்குப் பால், டீக்கடைக்குப் பால், அவள் கைச்செலவு எல்லாம் அதுதான். நகை இல்லாமல் வந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் குரல் இருந்தது என்றால் அதுவும் அந்த மாட்டால்தான்.

மாடு தின்றது வீட்டுக்கு மேற்கே இருந்த அரை ஏக்கர் மேட்டில். அந்த மேடு முழுக்க ஈரல் நிறத்துக் கல்லும் மண்ணும். அலுமினியம் எடுக்கப் பக்கத்து மேட்டிலிருந்து லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்களே, அதே கல். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். அதில் சாமை விதைத்தால் ஏதோ வரும். மற்ற நாளில் முயல் மசால் தானாக மண்டிக் கிடக்கும். சின்ன இலை, மஞ்சள் பூ, தண்டில் சுணை. எந்தக் காலத்திலோ ரோட்டோரத்துச் சரிவில் யாரோ தூவிய விதை காற்றிலும் ஆட்டுப் புழுக்கையிலும் ஏறி வந்தது என்பார்கள். உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. அறுக்க அறுக்க வந்தது. செவலைக்கு அது போதும். அதைத் தின்றுதான் முதல் ஈத்தில் வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது.

போன ஆடியில் சேலத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். மலையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு நல்ல தீவனப் பயிர் போட்டுக் கொடுப்பது அவர்கள் திட்டம். எங்கள் பக்கத்துக்கு வந்தவன் பெயர் சந்திரசேகர். முப்பது வயதிருக்கும். சட்டையை உள்ளே விட்டு, மழைக்கோட்டைப் பைக்கில் கட்டியிருந்தான். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டுச் சொன்னான். அவரவர் நிலத்தில் ஐந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, அரைக்கிலோ மண்ணைத் துணிப்பையில் போட்டுப் பேரெழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாருடைய மண் நன்றாக இருக்கிறதோ அவர் நிலத்தில் மாதிரிப் பண்ணை போடுவோம் என்றும் சொல்லிவிட்டான்.

எங்கள் ஊரில் வெளியாள் ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் இருப்பதில் நல்லதைத்தான் எடுத்து வைப்போம். பெண் பார்க்க வருகிறவனுக்குக் கிழிந்த பாயைப் போடுவோமா? செங்கோடன் அப்படித்தான் நினைத்தான். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் முப்பது வருசமாக அடுப்புச் சாம்பலும் சாணியும் கொட்டிய இடம் இருக்கிறது. கையை விட்டால் முழங்கைவரை போகும், கருகருவென்று இருக்கும். அங்கேதான் எடுத்தான். சாந்தி அதை முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, அரிசி மாதிரி ஆக்கிக் கொடுத்தாள். நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்து வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தப்பாகவே படவில்லை. எனக்கு நிலமில்லை. இருந்திருந்தால் நானும் அங்கேதான் தோண்டியிருப்பேன்.

மொத்தம் ஏழு பேர் மண் கொடுத்தார்கள். ஏழு பேரும் மாட்டுக் கொட்டத்து ஓரம், எருக்குழி ஓரம் என்று பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். அதிலும் செங்கோடனின் மண் முதலாவதாக வந்துவிட்டது. ஆவணியில் கூட்டம் போட்டு அவனுக்குத் துண்டு போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். டீக்கடை வெள்ளையன் ஒரு வாரம் விடவில்லை. "ஏனுங்க செங்கோடண்ணே, உங்க மண்ணைத் தொட்டுக்கிட்டே களி திங்கலாமாமே? எனக்கொரு பொட்டணம் குடுங்க, கடையில சட்னிக்குப் பதிலா வெக்கறேன்" என்பான். செங்கோடன் சிரிப்பான். அவன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு மாதிரிப் பண்ணைக்கு ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் வந்தது. மூன்று பக்கம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். காகிதம் என்றாலே எனக்கு ஆகாது, படித்துப் பார்க்காமல் போடாதே என்றேன். யார் படிப்பது? தீபிகா பத்தாவது வரை படித்தவள். அவள் அன்றைக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். போட்டுவிட்டான்.

புரட்டாசியில் முயல் மசாலை வேரோடு கொத்தி எடுத்தோம். செங்கோடன், சாந்தி, தீபிகா, கூலிக்கு நான். பன்னிரண்டு நாள். அதன் வேர் லேசில் விடாது. இலை சாண் உயரம்தான், வேர் கடப்பாறை ஆழத்துக்கும் கீழே போயிருந்தது. கொத்து விழுந்த இடமெல்லாம் செந்தூளாகப் பறந்து எங்கள் எச்சில்கூடச் சிவப்பாக இருந்தது. சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். ரோட்டோரம் பச்சைப் பலகை ஒன்று நட்டார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் குதிரை மசால் விதைத்தார்கள். சமவெளியில் பால்மாட்டுக்குப் போடும் உயர்ந்த தீவனம் அது. அறுபதாவது நாள் அறுக்கலாம் என்றான் சந்திரசேகர்.

முளைத்தது என்னவோ நன்றாகத்தான் முளைத்தது. நாலு இலை வரைக்கும் பச்சை. அப்புறம் நின்றுவிட்டது. கார்த்திகை முழுக்க மழை, பயிர் விரல் உயரத்திலேயே நிற்கிறது. ஓரம் மஞ்சளாகி, பிறகு இலை ஊதாவாகி, தொட்டால் உதிர்ந்தது. சந்திரசேகர் வந்து பார்த்தான். தண்ணீர் தேங்குகிறது என்று வாய்க்கால் எடுக்கச் சொன்னான். எடுத்தோம். பூச்சி என்று மருந்து அடித்தான். எஸ்டேட்டில் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவோம் சார், போட்டுப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். மண் பரிசோதனைக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினான். இந்த மண்ணில் புளிப்பே இல்லை, சுண்ணாம்பு கேட்டு எழுதினால் மேலே இருப்பவர்கள் என்னைத்தான் சிரிப்பார்கள் என்றான். நான் செங்கோடனைப் பார்த்தேன். அவன் வேலிக்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டு மாதமும் தீபிகா பட்ட பாடு. விடிந்தும் விடியாமல் பனியில் அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எஸ்டேட்டுக்குள் காப்பிச் செடிக்கு அடியில் புல் இருக்கும், ஆனால் மருந்து அடித்த புல், வாட்ச்மேனும் விடமாட்டான். காட்டுக்குள் போனால் ஃபாரஸ்ட் கார்டு பிடிப்பான். மலைச்சரிவில் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி ஒரு கட்டு அறுத்துவர மத்தியானம் ஆகும். வாடை வீசும் போதைப்புல்லைக் கொண்டுவந்து போட்டால் செவலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பலா இலை, முருங்கை இலை என்று ஒடித்துப் போட்டாள். சினை மாடு. வயிறு பெருத்தது, முதுகெலும்பும் துருத்தியது.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த வேலிக்குள் முயல் மசால் திரும்ப முளைத்தது. நாங்கள் கொத்தி எடுத்தாலும் விதை மண்ணில் இருக்கும் அல்லவா? குதிரை மசால் வெந்து நிற்கிற அதே பாத்தியில் இது பச்சையாகத் தலை தூக்கியது. பண்ணையைக் களையில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சந்திரசேகர் சொன்ன சட்டம். அதனால் செங்கோடனும் சாந்தியும் தினமும் காலையில் குனிந்து, சாகிற பயிரை விட்டுவிட்டு, வாழ்கிற பயிரைப் பிடுங்கினார்கள். பிடுங்கியது ஒரு கைப்பிடி தேறும். அதைத்தான் மாட்டுக்குப் போட்டார்கள். ஒரு மாசம் விட்டால் ஒரு கட்டு தேறியிருக்கும்.

மார்கழி கடைசியில் ஒருநாள் தீபிகா எஸ்டேட் லைனில் இருக்கும் என் வீட்டுக்கே வந்தாள். "பெரியப்பா, நாளைக்கு அந்த சார் வர்றாரு. நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. பேசறது நானே பேசிக்கறேன்" என்றாள். செங்கோடன் அடுத்த நாள் ரேசன் கடைக்குப் போவான் என்று தெரிந்துதான் அந்த நாளைப் பிடித்திருந்தாள்.

சந்திரசேகர் வேலியோரம் பைக்கை நிறுத்தியதும் கேட்டைத் திறந்துவிட்டு நேராகச் சொன்னாள்.

"சார், நாங்க குடுத்த மண்ணு இந்த மண்ணு இல்லீங்க."

அவன் சிரித்தான். "பின்ன எந்த மண்ணும்மா?"

"ஊட்டுக்குப் பின்னால பலாமரத்தடி மண்ணுங்க. சாம்பல் கொட்டற எடம். மாமாவுக்கு வேற நெனப்பு ஒண்ணுமில்லீங்க. நல்ல மண்ணா கேட்டீங்க, இருக்கறதுலயே நல்லதா குடுத்தாரு."

அவன் சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைப் பார்த்தான். ஆமாங்க என்றேன். பாத்திக்குள் இறங்கி மண்டியிட்டான். பேண்ட் அழுக்காவதைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த களைக்கொத்தை வாங்கி ஒரு குதிரை மசாலைச் சுற்றித் தோண்டி எடுத்தான். வேலி ஓரம் தப்பித்திருந்த ஒரு முயல் மசாலையும் பக்கவாட்டில் பள்ளம் பறித்து, வேர் அறாமல், கால் மணி நேரம் பொறுமையாக எடுத்தான். இரண்டையும் பாட்டில் தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்தான்.

குதிரை மசாலின் வேர் விரல்கடை நீளம்தான். தடித்து, பழுப்பாக, நுனி மொட்டையாகச் சுருண்டிருந்தது. மற்றது முழ நீளம். வெள்ளையாக, கிளை கிளையாக.

"பாரும்மா. புளிச்ச மண்ணுல அலுமினியம் கரைஞ்சு நிக்கும். வேர் நுனி அதுல பட்டா வெந்துரும். நுனி போச்சுன்னா வேர் நீளாது. ஒரு சாண் கீழ ஈரம் இருந்தாலும் இதுக்கு எட்டாது. பட்டினி."

"அப்ப இது மட்டும் எப்படிங்க?"

"இது பொறந்த ஊரே இந்த மாதிரி மண்ணும்மா. இப்படிப்பட்ட மண்ணுல பொழைக்கற செடிங்களுக்கு ஆளுக்கொரு வித்தை இருக்கு. சிலது வேர் நுனியில ஒரு புளிப்பைக் கக்கும், அது அலுமினியத்தைப் புடிச்சுக் கட்டிப் போட்டுரும். சிலது உள்ள வாங்கி, கெடுதல் பண்ணாத எடமா பார்த்து அடைச்சு வெச்சுக்கும். மணிச்சத்து துளி கெடைச்சாலும் அதை வெச்சே காலத்தை ஓட்டும். வேர்ல இருக்கற இந்த முடிச்சு பாருங்க பெரியவரே, தழைச்சத்தைக் காத்துல இருந்து எடுக்குது. யாரையும் ஒண்ணும் கேக்காது."

அவன் கண் மின்னியது. படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு வேரில் வந்து நிற்கிற மாதிரி பேசினான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதனால்தான் கேட்டேன், மண்ணை வாங்குவதற்கு முன்னால் வந்து இப்படி ஒரு தடவை தோண்டியிருக்கலாமே சார் என்று. ஒரு ஆளுக்குப் பதினாலு ஊருங்க என்றான். சொன்னதும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வேரைக் கீழே போட்டான்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லீட்டீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. உங்க ஏழு பேர் மண்ணையும் வெச்சு இந்த மேடு முழுக்க நல்ல மண்ணுன்னு எழுதி மேல போயிருச்சு. மாசியில பெரியவங்க வந்து பார்த்ததும் இருபத்திரெண்டு ஊட்டுக்கு இதே விதை குடுக்கப் போறாங்க. இப்பப் போய் நான் என்னன்னு சொல்லுவேன்? கேட்டு வாங்குன மண்ணைக்கூடப் பார்க்கத் தெரியாதவன்னு என்னை ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. உங்க மாமா போட்ட கையெழுத்தும் இருக்கு. மாசி போகட்டும், சுண்ணாம்புக்கு நானே வழி பண்றேன்."

"அதுவரைக்கும் மாடு எதைத் திங்கும் சார்?"

 புண்ணாக்கு இரண்டு மூட்டை அனுப்புகிறேன் என்று பைக்கில் ஏறினான். ஒரு மூட்டை வந்தது.

விசயம் செங்கோடனுக்குத் தெரிந்தது. அவன் கத்தவில்லை. நாலுநாள் மருமகள் போட்ட சோற்றைத் தொடவில்லை, அவ்வளவுதான். சாந்தி களி கிண்டிக் கொட்டத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள், அங்கேயே உட்கார்ந்து தின்றான். ஐந்தாம் நாள் தீபிகா அந்தக் காகிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துப் படித்தாள். நானும் இருந்தேன். மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி. மூன்று வருசம் கொடுத்த பயிரைத் தவிர வேறெதுவும் அந்த நிலத்தில் இருக்கக்கூடாது. தவறான தகவல் கொடுத்திருந்தால் சட்டப்படி நடவடிக்கை.

"சட்டப்படின்னா என்ன கண்ணு?" என்று சாந்தி கேட்டாள்.

தீபிகாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நிலத்தை எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்று செங்கோடன் சொன்னான். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த மலையில் சட்டப்படி என்று வந்த எதுவும் எங்கள் கைக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"மாமா, பயிரே இல்லாத எடத்தை யாருக்காகக் காவல் காக்கறீங்க? வேலியைத் தெறந்து உடுங்க. ரெண்டு மழை பேஞ்சா பழைய தழை தானா வரும். என் மாடு பொழைச்சுக்கும்."

"தழை வந்தா என் கையெழுத்து பொய்யாப் போயிரும் சாமி."

"இப்ப மட்டும் நெசமா மாமா?"

செங்கோடன் எழுந்து வெளியே போனான். நான் அவளைச் சத்தம் போட்டிருக்க வேண்டும், பெரியவன் என்ற முறையில். போடவில்லை.

தை கடைசியில் ஒரு காலை செவலை எழவில்லை. வாடைக் காற்று கொட்டத்துத் தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. நவீன், வெள்ளையன், செங்கோடன், நான் நாலு பேரும் வயிற்றுக்கடியில் மூங்கில் கொடுத்துத் தூக்கினோம். நின்றது. கால் நடுங்கியது. ஈன இன்னும் ஒரு மாசம் இருந்தது. தீபிகா அழவில்லை. குப்பனூரில் அவள் அப்பனுக்குச் சோளத்தட்டுப் போர் இருக்கிறது, அங்கே கொண்டுபோகிறேன் என்றாள். லாட்ஜுக்குக் காய்கறி கொண்டுவரும் குட்டியானை வண்டி கீழே காலியாக இறங்கும். நவீன் அந்த டிரைவரிடம் பேசி அன்றைக்கே கூட்டிவந்தான். வண்டியில் வைக்கோல் பரப்பி, இரண்டு பக்கமும் சாக்கு கட்டி, மாட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. தீபிகா ஒரு பையோடு பின்னால் ஏறி மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எப்போது வருவாய் என்று சாந்தி கேட்டாள். "இது எப்ப வருதோ அப்ப வர்றேனுங்க அத்தை" என்றாள். செங்கோடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். வண்டி வளைவு திரும்பிய பிறகுதான் வெளியே வந்தான்.

நவீன் இப்போதெல்லாம் லீவு நாளில் மேலே வருவதில்லை. பஸ் ஏறிக் கீழே போய்விடுகிறான்.

மாசி இரண்டாம் வாரம் மூன்று ஜீப் வந்தது. பலகைக்கு எதிரே ஷாமியானா, நாற்காலி. அன்றைக்கு நல்ல பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. முந்தின வாரம் சந்திரசேகர் ஏதோ மருந்தடித்து முன்வரிசையைக் கொஞ்சம் பச்சையாக்கியிருந்தான். அவர்கள் முன்வரிசையைப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் பனியைப் பார்த்தார்கள். வேட்டி சட்டையில் தலைமையாக வந்தவர் நல்ல மனுசன் மாதிரிதான் தெரிந்தார். குளிருகிறதா என்று செங்கோடனின் கையைப் பிடித்துக் கேட்டார். பிறகு, இந்த அரை ஏக்கர் எத்தனை மாட்டுக்குத் தாங்குகிறது என்றார்.

செங்கோடன் சந்திரசேகரைப் பார்த்தான். சந்திரசேகர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஒரு மாட்டுக்குத் தாராளமா வருதுங்க" என்றான் செங்கோடன்.

"மாட்டைக் காணமே?"

"மேய்ச்சலுக்கு ஓட்டியிருக்குதுங்க."

அவர் தலையாட்டினார். தீவனம் இருக்கும்போது மேய்ச்சலுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றியதோ என்னவோ, கேட்கவில்லை. சுற்றிப் பார்த்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஷாமியானாக் கம்பத்தோரம் நின்ற நான் கண்ணில் பட்டுவிட்டேன்.

"பெரியவரே, நீங்க பக்கத்துக்காரரா? இந்தப் பயிரைத் தின்னு மாடு எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

உள்ளதைச் சொல்ல எனக்கு என்ன பயம்? எனக்கு நிலமில்லை, காகிதமில்லை, மாடில்லை. மண் கொடுத்த ஏழு பேர் குடும்பமும் அங்கே நின்றிருந்தது. விதை வாங்கப்போகும் இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். செங்கோடன் மட்டும் பார்க்கவில்லை. அவன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு போர்த்திய தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தது.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். "செனை மாடு. நொம்ப நல்லா இருக்குதுங்க."

பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அப்புறம் என் பேரைக் கேட்டாள். ஆரோக்கியதாஸ் என்று சொன்னேன். அதையும் எழுதினாள். காகிதத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்து, எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினாள். போட்டேன்.